மாடி வீட்டுத் திட்டு

பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாளில் நான் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிடுவேன். சமையலறைக் குழாயை இறுக மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேலே என்ன நடக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். எங்கள் வீட்டுக் கூரைதான் மாடி வீட்டுக்குத் தரை. அங்கே நாற்காலியை இழுத்தால் இங்கே அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மாடியில் இருப்பவள் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் அக்கா தங்கை மாதிரி. மாதிரிதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

"நாப்பத்தியொண்ணா? ஏன்டா, நாப்பத்தியொண்ணு வாங்கறதுக்கா தினம் சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுட்டுப் போற?" என்று மேலே அவள் ஆரம்பிப்பாள். "எதிர்வீட்டுப் பையன் தொண்ணூறு வாங்கியிருக்கான். அவனும் சோறுதானே திங்கறான்?"

"அவன்கூட என்ன ஒப்பிடாதம்மா!" என்று அவள் மகன் அலறுவான். அவனுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அந்த 'ஒப்பிடாத' எப்போது வரும் என்று கீழே நானும் என் மகளும் காத்திருப்போம். வந்ததும் என் மகள் கூரையைப் பார்த்துச் சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வராது. வயிறு பற்றி எரியும். பையன் திட்டு வாங்குகிறானே என்று இல்லை, அவளுக்குத் திட்ட வாய்த்திருக்கிறதே என்று. அவள் கையில் ஓர் எண் இருக்கிறது. அதைத் தூக்கிப்போட்டு உடைக்கலாம், நான்கு பேரிடம் சொல்லி மூக்கைச் சிந்தலாம், அடுத்த வருடம் ஏறும் என்று கனவு காணலாம். என் மகளும் அவனும் ஒரே வயது, ஒரே ஏழாம் வகுப்பு. அவளுடைய அட்டையில் பொதுத்தேர்வுக் கட்டத்தில் எண் இருக்காது, ஒரு வார்த்தை இருக்கும். விலக்கு.

அவளுக்குக் கைகள் நடுங்கும். பேனாவைக் கொடுத்தால் பேனா ஒரு பக்கம் போகும், எழுத்து ஒரு பக்கம் போகும். பேச்சும் நின்று நின்றுதான் வரும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்துவிடுவேன். துணிகளைப் பிரித்துத் திருத்தித் தைக்கிற கடையில் வேலை செய்கிறவள் நான், சும்மா சொல்லவில்லை. ஆனால் வார்த்தை வரத் தாமதம் ஆகிறதே என்று அவள் பேச்சை விட்டுவிட மாட்டாள். பஸ் ஓட்டுகிற அவள் அப்பா அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

கல்வித் துறை வருடத்துக்கு ஒரு தடவை எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே தாளில் பொதுத்தேர்வு வைக்கும். ஒவ்வொரு பள்ளியும் என்ன சராசரி வாங்கியது என்று செய்தித்தாளில் வரும். எங்கள் பெரிய டீச்சர் அதைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டுவார். அந்தத் தேர்வுக்கு முதல் நாள் வகுப்பு டீச்சரிடமிருந்து தவறாமல் எனக்கு போன் வரும்.

"பாப்பாவுக்கு எதுக்கும்மா வீண் சிரமம்? நாளைக்கு வீட்லயே ரெஸ்ட் எடுக்கட்டும்."

குரலில் தேன் சொட்டும். என் மகள் எழுதினால் பலகையில் இருக்கிற எண் இறங்கிவிடும் என்று நேராகச் சொன்னால்கூட எனக்குக் கோபம் குறைவாக வந்திருக்கும். சிரமமாம். காலையில் தானே பொத்தான் போட்டுக்கொள்வதற்கு அவள் படுகிற பாட்டுக்கு முன்னால் இவர்களுடைய தேர்வு எம்மாத்திரம்.

அட்டை வந்ததும் இரண்டு குடும்பமும் மாடியில் கூடுவது எங்கள் வீட்டு வழக்கம். சாப்பாட்டு மேசையில் அட்டைகளை வைத்து அப்பாக்கள் கையெழுத்துப் போடுவார்கள். வாலுவின் அட்டைக்கு ஒரு பாட்டம் வசவு நடக்கும். என் மகளின் அட்டையை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள். கையெழுத்தை இழுத்துவிட்டு, "வெரி குட்" என்பார் பெரியப்பா. எதற்கு வெரி குட் என்று அவருக்கே தெரியாது. ஓரகத்தி ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டுவாள். "நம்ம தங்கத்துக்கு எந்தப் பரீட்சையும் வேணாம். அது பாட்டுக்குச் சந்தோஷமா இருக்கட்டும்."

என் மகள் அந்த சாக்லேட்டைத் தின்றதே இல்லை. வாலுவின் அட்டையைத் தன் பக்கம் இழுத்து, சிவப்பு மையில் சுழித்திருந்த நாற்பத்தொன்றின் மேல் விரலை வைத்துப் பார்ப்பாள். அப்போது அவள் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

இந்த வருடம் வகுப்பு டீச்சர் போன் செய்யவில்லை. பெரிய டீச்சரே செய்தார். மாலையில், நான் யாரோ ஒருவருடைய கால்சட்டை இடுப்பைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது.

"புது உத்தரவு வந்திருக்கும்மா. இனிமே ஒரு குழந்தையையும் விடக் கூடாதாம். வரலன்னா பூஜ்யம்னு போட்டுச் சராசரில சேத்துடுவாங்களாம். அதனால பாப்பா கண்டிப்பா வரணும். தனி ரூம், கூடுதல் நேரம், அவ சொல்றத எழுத ஒரு ஆள், எல்லாம் நான் பாத்துக்கறேன். சத்தான சாப்பாடு குடுத்து அனுப்புங்க."

இத்தனை வருடம் இல்லாத அக்கறை. திடீரென்று என் மகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் ரொம்ப முக்கியமான ஆளாகிவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "ஏன் டீச்சர், அவளுக்குச் சிரமமா இருக்காதா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது.

விஷயத்தைச் சொன்னதும் என் மகள் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் படிப்பு. அவள் அப்பா பாடத்தை வாசிக்க, அவள் பதில் சொல்ல வேண்டும். அவர் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். நிறுத்தத்தில் ஏறுகிற கிழவர்களுக்காகக் காத்திருந்து பழகிய மனிதர். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் "வேர்..." என்றதும், "வேர் தண்ணிய உறிஞ்சும், அதானே, அடுத்தது" என்று நான் முடித்துவிடுவேன். அவள் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்ப்பாள். அடுப்பில் பால் பொங்கும்போது யாருக்குக் காத்திருக்க முடியும்?

எழுதுவதற்கு பெரிய டீச்சர் ஏற்பாடு செய்த ஆள், பள்ளிக்கூட ஆபீஸ் கிளார்க். முத்து முத்தான கையெழுத்து. நல்ல மனிதர், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவர். பெரிய டீச்சருடைய கடிதங்களை எல்லாம் வருடக்கணக்காக அவர்தான் எழுதுகிறார். பெரிய டீச்சர் ஒரு கடிதத்தையும் முழுதாகச் சொன்னது கிடையாது. "அந்தத் தண்ணித் தொட்டி விஷயமா..." என்று ஆரம்பித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது மேசையில் மரியாதையும் வருத்தமும் வேண்டுகோளும் சரியான இடத்தில் வைத்து ஒரு பக்கக் கடிதம் தயாராக இருக்கும். கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்படிப்பட்டவரைத்தான் என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

தேர்வு முடிந்து அவளைக் கூட்டிவரப் போனேன். வாசலில் நின்றிருந்தவள் என் கையைப் பிடித்து, "அம்மா... அவரு... எழுதி..." என்றாள்.

"எழுதி முடிச்சிட்டாரா? நேரம் போதுமா இருந்துச்சா? நல்லது, வா வா, மழை வர்ற மாதிரி இருக்கு."

பஸ்ஸில் மறுபடி, "அம்மா... நான் சொல்றதுக்கு..." என்றாள்.

"சொல்றதுக்குக் கஷ்டமா இருந்துச்சா? பரவால்லடி, எல்லாருக்கும் அப்படித்தான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். களைத்துப்போயிருப்பாள் என்று நினைத்துத் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று, மாடியில் மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தோம். முதலில் வாலுவின் அட்டை. ஐம்பத்திரண்டு. "ஏதோ பாஸ் ஆச்சு" என்று ஓரகத்தி பெருமூச்சு விட்டாள். அடுத்து என் மகளுடையது. பெரியப்பா வழக்கம்போல் கையெழுத்துப் போடக் குனிந்தவர், பேனாவை அப்படியே நிறுத்திவிட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

எண்பத்தாறு.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி என் கணவரிடம் காட்டினேன், பிறகு என்னிடமே காட்டிக்கொண்டேன். ஓரகத்தி முகத்தைப் பார்த்தேன். பார்க்கத்தானே இத்தனை வருடம் காத்திருந்தேன்! கன்னத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள், ஓரம் பிரிந்து தொங்கியது.

"எண்பத்தாறா? ரொம்ப சந்தோஷம்" என்றாள். பிறகு மேசையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டே, "பக்கத்துல ஆள் உக்காந்து எழுதிக் குடுத்தா யாருதான் வாங்க மாட்டாங்க" என்றாள்.

"அவ சொல்றதத்தான்க்கா எழுதுவாங்க. சட்டம் அப்படி."

"நான் என்ன இல்லன்னா சொன்னேன்? பேச்சுக்குச் சொன்னேன்."

சாக்லேட் அன்றைக்கு வரவில்லை. அதைவிடப் பெரிய பரிசு எனக்கு என்ன வேண்டும்? கீழே இறங்கி வந்ததும் வழக்கம்போல் குழாயை மூடி, மின்விசிறியை நிறுத்தினேன். மேலே அவள் குரல் கிழிந்தது. "கீழ இருக்கறவளே எண்பத்தாறு வாங்கியிருக்காடா! அவளே!" அந்த 'அவளே' கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் தேனில் ஒரு எறும்பு கிடந்தால் தேனைக் கொட்டிவிடுவோமா? என் மகளோடு அவனை ஒப்பிட்டுவிட்டாள். எத்தனையோ பேரோடு ஒப்பிட்டிருக்கிறாள், என் மகளோடு ஒப்பிட்டது அன்றைக்குத்தான். நான் அடுப்படியிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன்.

என் மகள் கூரையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி வாயாடி? எண்பத்தாறுடி! என்ன வேணும் சொல்லு, வாங்கித் தரேன்."

"அது... என்..."

"உன்னோட முதல் மார்க்கு, ஆமா."

அவள் மேசையைத் தட்டினாள். ஓங்கித் தட்டத்தான் நினைத்திருப்பாள், நடுங்கும் கைக்கு அது ஒரு சின்ன சத்தமாகத்தான் வந்தது. "நீ... பேசாத" என்றாள்.

அவள் அப்பா என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. நான் சேர்த்து எழுதுகிறேன், அவள் பிரித்துப் பிரித்துச் சொன்னாள்.

அது அவளுடைய மதிப்பெண் இல்லை. குளித்துவிட்டு வந்ததும் உடம்பு ஏன் குளிர்கிறது என்று ஒரு கேள்வி. அவள் "தண்ணி" என்றாள். கிளார்க் ஐயா தலையை ஆட்டிவிட்டு, நீர் ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது என்று நான்கு வரி எழுதிவிட்டார். எல்லாக் கேள்விக்கும் அப்படித்தான். அவள் முதல் வார்த்தையைச் சொல்வாள், மிச்சத்தை அவர் எழுதுவார். அவர் ஏமாற்றவில்லை. இடையில் இரண்டு தடவை, "நீ இதத்தானேம்மா சொல்ல வர்ற?" என்று பாசமாகக் கேட்டாராம். அவள் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம்.

"சரி, நீ என்னதான் சொல்ல வந்த?" என்று கேட்டேன். இந்தத் தடவை காத்திருந்தேன்.

"தண்ணி... சில்லுனு... இருக்கறதால."

"அது தப்புடி."

"தெரியும். வெளிய வந்து... யோசிச்சதும்... தெரிஞ்சுது." கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது. "நான்... தப்பாத்தான்... சொல்ல வந்தேன். என் தப்ப... அவரு... எழுதல."

எனக்கு அவள்மீது கோபம் கோபமாக வந்தது. வந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் என்ன? இந்த உலகத்தில் எத்தனை பேர் யார் யார் எழுதிக்கொடுத்ததையோ வைத்துக்கொண்டு பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மாலை, மாடி வீட்டுக்காரி என்னைப் பார்த்துப் புழுங்கினாள். அதையும் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அதுவும் அவள் என்ன சொன்னாள்? ஆள் எழுதிக் கொடுத்தால் யார்தான் வாங்க மாட்டார்கள் என்றாள். நான் போய், ஆமாக்கா, நீங்க சொன்னதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக என் தையல் ஊசி எல்லாவற்றையும் விழுங்கிவிடுவேன்.

"நீங்க ஏன் உம்முனு இருக்கீங்க? எதாவது சொல்லுங்க" என்று கணவர்மேல் பாய்ந்தேன்.

அவர் மகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் என்னத்தச் சொல்ல? இறங்கணும்னு அவ மணி அடிச்சிட்டா. அடிச்சா வண்டிய நிறுத்தணும், எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

"உங்களுக்கு என்ன, நீங்க காலையில வண்டிய எடுத்துட்டுப் போயிடுவீங்க. மாடிப்படியில அவ முகத்துல முழிக்கப்போறது நான்."

"உனக்கு அந்த மார்க்க மேல இருக்கறவ பாக்கணுமா, இவ பாக்கணுமா?"

அதற்குப் பதில் சொல்லியிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். அட்டையை எடுத்து அலமாரியில் நிமிர்த்தி வைத்தேன், எண்பத்தாறு தெரிகிற மாதிரி. மறுநாள் முழுக்க அது அங்கேயே இருந்தது. என் மகள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாலுவின் நாற்பத்தொன்றை எப்படித் தடவிப் பார்ப்பாள்! தன் பெயருக்கு நேராக இருந்ததை ஒரு விரலால்கூடத் தொடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்துபோய் அதைக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த நாள் மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பெரிய டீச்சர் அறையில் எனக்கு நாற்காலி, தேநீர், பிஸ்கட் எல்லாம் கிடைத்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் பிஸ்கட் தட்டு மெல்ல அவர் பக்கம் திரும்பிப் போய்விட்டது.

"ஏம்மா, நல்லது நடந்தா அப்படியே விட்டுடணும். பாப்பாவுக்கு என்ன நஷ்டம்?"

"அவ எழுதலையே டீச்சர்."

"அவதானே ஆரம்பிச்சா! கிளார்க் முடிச்சு வச்சாரு. இப்ப இத மாத்தினா எங்க சராசரி என்ன ஆகும்? மேல இருந்து ஏன் எதுக்குன்னு கேள்வி வரும். பலகையெல்லாம் எழுதி மாட்டியாச்சு."

"போன வருஷம்வரைக்கும் பலகைக்காக வீட்ல உக்காரச் சொன்னீங்க. இந்த வருஷம் பலகைக்காக வரச் சொன்னீங்க. என் பொண்ணு உங்க பலகைக்கா டீச்சர் படிக்கிறா?" குரல் உயர்ந்துவிட்டது. கடையில் பிரித்துத் தைக்கும்போது வராத ஆத்திரம் எல்லாம் அங்கே வந்தது. "காய்ச்சல்னு டாக்டர் சீட்டு குடுத்த பிள்ளைங்களுக்கு இன்னொரு நாள் தேர்வு வைக்கறீங்கல்ல, அதுல இவளும் எழுதட்டும். இல்லன்னா நான் அந்த மேல இருக்கறவங்ககிட்டயே போறேன்."

கதவோரம் நின்றிருந்த கிளார்க் ஐயாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. "நான் நல்லதுன்னு நினைச்சுத்தான்மா..." என்று தொடங்கினார்.

"தெரியுது சார்" என்று நானே முடித்துவைத்தேன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்ட பெரிய டீச்சர், புதிதாக யாரை எழுத வைப்பது என்று இழுத்தார். என் மகள் வாயைத் திறந்தாள். அறையில் எல்லாரும் காத்திருக்க வேண்டியதாயிற்று. "கிளார்க் சாரே... எழுதட்டும். கையெழுத்து... நல்லா இருக்கு." எல்லாரும் சிரித்தோம். அவள் இன்னும் முடிக்கவில்லை. "நான்... அவ்ளோதான்னு... சொல்ற வரைக்கும்... பேனாவ... தொடக் கூடாது."

இனி மாடிப்படி. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் வாலு அதே பள்ளிக்கூடம். செய்தி அவன் வாயில் நொறுங்கி வருவதற்கு முன் நானே போய்ச் சொல்வது மேல். ஓரகத்தி கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் துவைத்து அயர்ன் பண்ணின துணி மாதிரி விரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல? நீதான் சட்டம் கிட்டம்னு பேசின." என் தோளைத் தட்டினாள். "பரவால்ல விடு. குழந்தைக்கு எதுக்கு இந்தத் தொந்தரவெல்லாம்? இரு, சாக்லேட் எடுத்துட்டு வரேன்."

அந்த சாக்லேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கீழே இறங்கியபோது எனக்கு இருந்த எரிச்சலில் அது உருகியிருக்க வேண்டும்.

மறுதேர்வு அன்று நான் கடைக்கு லீவு போட்டேன். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். கிளார்க் ஐயா பேனாவை மேசையில் வைத்துவிட்டு, கைகளைத் தொடைகளுக்குக் கீழே செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொல்கிறாள். நிற்கிறாள். மறுபடி சொல்கிறாள். நடுவில் அவர் உதடு துடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது, பாவம், விடை அவர் வாய்க்குள் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். பிறகு ஒரு "அவ்ளோதான்". கை வெளியே வரும், எழுதும், மறுபடி தொடைக்குக் கீழே போகும். ஒரு கேள்விக்கு அவள் வெகு நேரம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெஞ்சு விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். கூடுதல் நேரம் முடிந்தபோது அவருக்குத்தான் வியர்த்திருந்தது.

மறுதேர்வு எழுதினவர்களுக்கு அட்டையைத் தனியாகக் கொடுத்தார்கள். மாடியில் கூட்டம் கூட்ட வேண்டாம் என்று கீழேயே, சமையலறை மேசையில் வைத்தேன். என் கணவர் வேலையில் இருந்தார். நானும் அவளும்தான்.

சிவப்பு மையில் சுழித்திருந்தது. முப்பத்திமூன்று. பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

முதலில் என்ன தோன்றியது என்று தெரியவில்லை, வாய் தானாகவே திறந்துகொண்டது.

"முப்பத்திமூணா? ஏன்டி, முப்பத்திமூணா? ரெண்டு மார்க்குடி, ரெண்டே ரெண்டு மார்க்கு! அந்தக் கேள்விய வேணாம்னு தலைய ஆட்டினியே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? சாயங்காலமானா அப்பாவும் பொண்ணும் படிக்கிறேன் படிக்கிறேன்னு சிரிப்பும் கும்மாளமும். படிச்ச லட்சணம் இதுதானா?"

அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காது நுனி சிவந்தது. என் வாய் நிற்கிற மாதிரி இல்லை.

"மேல இருக்கானே, பொழுதுக்கும் விளையாட்டே கதின்னு கிடக்கறான். அவனே அம்பத்திரெண்டு வாங்கியிருக்கான்! அவனே!"

"அவன்..." என்றாள் என் மகள். மோவாய் கோணிக்கொண்டு நடுங்கியது. உண்மையான கோபம். "அவன்... கூட..."

மிச்சம் எனக்குத் தெரியும். வருடக்கணக்காக இந்தக் கூரை வழியாகக் கேட்ட வார்த்தை, தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். நுனி நாக்கில் வந்து நின்றது. கிளார்க் ஐயா மாதிரி இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே செருகிக்கொண்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று விட்டேன்.

"என்ன... ஒப்பிடாத."

சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள் போல, "அவ்ளோதான்" என்றாள். அட்டையைத் தன் பக்கம் இழுத்து, சிவப்பு முப்பத்திமூன்றின் மேல் விரலை வைத்தாள். அழுகிறாளா என்று குனிந்து பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தாள். விரலை மட்டும் எடுக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். மேலே எந்தச் சத்தமும் இல்லை. நாற்காலி இழுபடவில்லை, வாலு ஓடவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயை யாரோ இறுக மூடினார்கள். கடகடவென்று சுற்றும் அவர்கள் வீட்டு மின்விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது. அந்த அமைதி எப்படிப்பட்டது என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்ட ஆரம்பித்தேன்.